இறங்க மறுத்த கராஜ் கதவு

காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு யோகேஸ்வரன் ரிமோட்டை அமுக்கினார். கராஜ் கதவு கரகரவென்று பாதி இறங்கியது. நின்றது. மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

முன் சீட்டில் அவர் மனைவி லோஜினி பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். தலவாக்கலை கோயிலில் அவள் தம்பி சுமனுக்குக் கல்யாணம். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மிச்சத்தை அவன் அக்கா போட வேண்டும். சுமனுக்கு இவள் ஒருத்திதான் அக்கா.

"இன்னொருக்கா அமுக்குங்க."

அமுக்கினார். இறங்கியது. ஏறியது.

பின் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டு றிச்சர்ட் இறங்கி வந்தார். கல்யாணத்துக்குக் கூட வருகிறவர். அவர் மனைவி யூஜினா மடியில் பூத்தட்டோடு உள்ளேயே இருந்தாள்.

"பெட்டரி போயிருக்கும், யோகேஸ்."

"பெட்டரி போனா ஏறவும் ஏறாதே அண்ணே."

"அப்ப பனிதான். நம்ம டிக்கோயா பனிக்கு எனக்கே முட்டி மடங்க மாட்டேங்குது."

திறந்து போட்டுவிட்டும் போக முடியாது. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் வழிக்குக் கதவு இல்லை, பழைய சேலை ஒன்றுதான் தொங்குகிறது. அந்தக் கதவைப் பிறகு பார்க்கலாம், முதலில் ரிமோட் மோட்டர் என்று நின்றவர் யோகேஸ்வரன். போன மாதம் கொஞ்ச நேரம் திறந்து கிடந்ததற்கே குரங்குகள் வந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு, கட்டிலிலும் படுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தன.

மோட்டரின் கயிற்றை இழுத்துவிட்டால் கதவைக் கையால் இறக்கலாம். இறக்கினார்கள். ஆனால் பூட்ட வழியில்லை. மோட்டர் வந்த சந்தோஷத்தில் பழைய கொண்டியை அவரே அறுத்து எறிந்திருந்தார். கதவைத் தூக்கி மறுபடி மோட்டரில் மாட்டினார்.

சுமன் போனில் வந்தான். "அக்கா, ஐயர் வந்துட்டாரு. எங்க நிக்கிற?"

"கொட்டகலை தாண்டிட்டோம்டா."

"சீக்கிரம் வா. நீ வராட்டி முடிச்சுப் போட சித்தி மக தனுஷிகாவை ரெடியா நிக்க வச்சிருக்காங்க."

லோஜினி போனை வைத்துவிட்டுக் காரை விட்டு இறங்கினாள். தனுஷிகாவுக்குச் செருப்பு வார் மாட்டவே இரண்டு பேர் வேண்டும்.

"நீ பஸ்ல போ லோஜி. நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்றார் யோகேஸ்வரன்.

"இந்தச் சேலையோட புட்போர்ட்ல தொங்கவா? மறுபடி அமுக்குங்க, நான் பாக்குறேன்."

கதவு இறங்கி ஏறியது. எதையோ நசுக்கப் பயந்தது போலத்தான் ஏறியது.

"நம்ம பூனை குறுக்க போனப்பவும் இப்புடித்தான் ஏறுச்சு. யாரோ நிக்கிறதா நெனைக்குதுங்க."

குறுக்கே ஆள் இருந்தால் தெரிந்துகொள்ள, கதவின் இரு ஓரத்திலும் தரைக்குச் சற்று மேலே சின்னக் கறுப்புப் பெட்டிகள் உண்டு. ஒன்றின் வெளிச்சம் மற்றதற்குப் போய்ச் சேர வேண்டும். லோஜினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குந்தினாள். இரண்டு பெட்டியின் கண்ணாடியிலும் அழகான சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"இது யாரு வேலை?"

யோகேஸ்வரன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில காருக்கு வச்சது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நல்ல காரியம்னா பேக்டரியில எல்லா மெசினுக்கும் வைப்போம்ல…"

"நெத்தியில வைப்பீங்களா, கண்ணுல அப்புவீங்களா?"

"குருட்டுக் கதவு பாவம், என்னா பண்ணும்!" றிச்சர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. லோஜினி நகத்தால் சுரண்டினாள். யூஜினா காருக்குள்ளிருந்து ஈரக் கைக்குட்டையை எறிந்தாள். துடைத்து முடித்ததும் கதவு ஒழுங்காக இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

யோகேஸ்வரன் வழி முழுக்க வேகத்தில்தான் மன்னிப்புக் கேட்டார்.

கோயிலில் மேளம் உச்சத்தில் இருந்தது. சுமன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். பெண்ணின் பின்னால் தனுஷிகா கயிற்றைப் பிடித்துவிட்டாள். லோஜினி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளுடி."

மிச்ச இரண்டு முடிச்சையும் மூச்சு வாங்கிக்கொண்டே இறுக்கினாள்.

"மதினி, முடியையும் சேத்துக் கட்டுறீங்க" என்று பெண் முனகினாள்.

"பொறுத்துக்கம்மா" என்றாள் லோஜினி. இன்னொரு இழுப்பு இழுத்தாள்.