அளவுக்கு நின்றவள்

அண்ணன் வீட்டில் அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை. அதுதான் சங்கடம். சண்டை போடவாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே! அண்ணி "தண்ணி வந்துச்சா?" என்பாள். அண்ணன் "கதவப் பூட்டிட்டியா?" என்பான். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, தையல் படிப்பின் கடைசி வருஷப் பயிற்சிக்காக நாடக அரங்கத்தின் உடுப்பு அறைக்கு வந்தவளுக்கு முதல் நாளே காது குளிர்ந்துபோயிற்று.

அறை மேடைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பேருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. வெட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர்: துணி வெட்டும் மாஸ்டரம்மா, கொக்கியும் பட்டனும் தைக்கும் பட்டனக்கா, இஸ்திரி போடும் பெரியக்கா. மூவருக்கும் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. மாமியார், மருமகன், மேடையில் வசனம் மறந்து முழித்த ராஜா என்று ஒருவரையும் விட்டுவைக்கமாட்டார்கள்.

மாஸ்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பேர் ஊர் எதுவும் கேட்காமல் அளவு நாடாவை எடுத்தாள்.

"இங்க வாங்கடி! அச்சு அசலா நம்ம கதாநாயகி அளவு!"

ராணி வேஷம் போடும் கதாநாயகி பேர்பெற்ற நடிகை. அளவு பார்க்கக் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லி அனுப்புவாள். அறையில் இருந்த துணிப் பொம்மைக்கோ கை கிடையாது. ராணி கையைத் தூக்கிச் சாபம் கொடுக்கும்போது அக்குளில் பிய்ந்தால் பொம்மையா வந்து சொல்லும்? அன்றே அவளை முக்காலியில் ஏற்றிவிட்டார்கள். படித்த படிப்புக்குக் கத்தரிக்கோல் கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவள்தான். ஆனாலும் மூன்று பெண்கள் சுற்றி நின்று, தோளைத் திருப்பி, இடுப்பைத் தொட்டு, குண்டூசி குத்திக்கொண்டே கதை பேசியதில் அது அவளுக்கு மறந்தே போயிற்று. பட்டனக்கா சிரித்தால் அவள் தொடையில் தட்டித்தான் சிரிப்பாள். "ராணி, கையத் தூக்குடி." "ராணி, மூச்ச இழுத்துப் பிடி." தன்னைத் தொட்டுப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஊசி குத்தியதுகூட வலிக்கவில்லை.

கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். "இடுப்பு ஒரு விரக்கட கூடக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் மாஸ்டரம்மா. மதியம் மூவரும் டப்பாவைத் திறக்கும்போது, பசி இல்லை என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில், அங்கேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். அண்ணி மறுபேச்சுப் பேசாமல் பாத்திரத்தை மூடிவைத்துவிடுவாள். வயிறு கிள்ளும், கிள்ளட்டும். அந்த அறையில் ஓர் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. மாஸ்டரம்மா யாரைக் கை காட்டுகிறாளோ அவளுக்குத்தான் மேனேஜர் கொடுப்பார். அவளுக்கு வேலையைவிட அந்த மேஜைதான் வேண்டும். நான்காவது ஆளாக அங்கே உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் கதாநாயகி இயக்குநரோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்துக்குப் புதிதாக வந்த நடிகை நல்ல வாட்டசாட்டம்.

"நான் இனிமே சாப்பிடலாம்லக்கா?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். "ஒரு வாரத்துல உடம்ப ஏத்திடுவேன்."

"ஏத்துறதுக்கு நீ என்ன பலூனாடி?" என்றாள் பெரியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் காலையில் டிக்கெட் கொடுக்கும் பெண் முக்காலியில் நின்றாள். புதுக் கதாநாயகியின் அளவு அவளுக்கு அப்படியே பொருந்தியது. "ராணி, கையத் தூக்குடி" என்றாள் மாஸ்டரம்மா, அந்தப் பெண்ணைப் பார்த்து. இடுப்புக் கண்டிப்பும் அப்படியே அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. பெரியக்கா தன் புருஷன் கதையை ஆரம்பித்தாள். "உங்கிட்டதான் சொல்றேன், வெளிய விட்றாத" என்று குரலைத் தாழ்த்தி இவளிடம் சொன்ன அதே கதை. அதே இடத்தில் பெருமூச்சு, அதே இடத்தில் கண்ணைத் துடைத்தல். இவள் மூலையில் உட்கார்ந்து பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைக்கு யாரும் துரோகம் செய்வதில்லை, எடுத்து ஓரமாக வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரிந்தது. கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது மாஸ்டரம்மா கூப்பிட்டாள். "ஏய் படிச்சவளே, சும்மாத்தானே இருக்க? கீழ் விளிம்ப மடிச்சு ஊசி குத்து, பாப்போம்."

முக்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கை சுத்தமாக வேலை செய்தது. வசனம் மறந்த ராஜா போல முழித்துக் காட்டினாள். முதல் முறையாக அவள் செய்த வேடிக்கைக்கு மூவரும் சிரித்தார்கள். பட்டனக்கா தட்டிச் சிரித்தது அவள் தோளில்.

அப்போது முக்காலி மேலேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தல சுத்துது. கொஞ்சம் இறங்கிக்கட்டுமா?"

அவளைத்தான் கேட்டாள் அந்தப் பெண். கேட்டால் புரியக்கூடியவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். அந்தத் தலைசுற்றல் எப்படி ஆரம்பிக்கும், எப்போது கண் இருட்டும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"ஆடாம நில்லுடி ராணி" என்றாள் அவள். "விளிம்பு கோணிடும்."

மூவரும் சிரித்தார்கள். பெரியக்கா மேஜையோரம் நகர்ந்து இடம் விட்டு, "முடிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். "மேனேஜர்கிட்ட இவளையே சொல்லிடலாம்டி" என்றாள் மாஸ்டரம்மா.

பிடித்திருந்த துணி வழியாக அந்தப் பெண்ணின் கால் நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது. அவள் அடுத்த ஊசியைக் குத்தினாள்.