தம்பி காட்டிய ஓஸ்லோ

அறுபத்தொரு வயதுவரை ராக்னாவுக்குத் தன் தம்பியைப் பற்றித் தெரியாது. அவளுக்கு நாலு வயதிருக்கும்போது, வடகோடியில் இருக்கும் வார்தோவை விட்டு ஓஸ்லோவுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் அமைந்தது. அவர் செத்தும் பல வருஷமாகிவிட்டது. அந்தக் குடும்பத்து மகன் தூரே, தன் அம்மா இறந்த பிறகு பெட்டியைக் குடைந்தபோது ஒரு சிறுமியின் படம் அகப்பட்டது. பின்பக்கம் பெயரும் ஊரும். அவன்தான் கடிதம் எழுதி வரவழைத்தான்.

ரயிலடியில் இருவரும் கைகுலுக்கினார்கள். தூரே ட்ராம் ஓட்டுகிறவன். ஊர் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான்.

கடலோரத்து ஓபரா அரங்கின் வெள்ளைக் கூரைமேல் ஏறினார்கள். அதன் சரிவு தண்ணீருக்குள்ளேயே இறங்குவது ராக்னாவுக்குப் பிடித்திருந்தது. அங்கே வெயிலில் அரைகுறை ஆடையோடு படுத்திருந்தவர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேலைவெட்டி கிடையாதா என்று கேட்டாள். பழைய கோட்டையில் சரித்திர வருஷங்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், கடைசியில் ஒப்புக்கொண்டான்.

"நானும் இதையெல்லாம் இப்பத்தான் பாக்கறேன். முந்தாநாள் ராத்திரி உக்காந்து படிச்சேன்."

ராக்னா முதல்முறையாகச் சிரித்தாள்.

துறைமுகத்தில் ஒரு பை இறால் வாங்கிக்கொண்டு, படகேறித் தீவுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள். அவன் ஓட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவள் பையைத் தன் பக்கம் இழுத்தாள். முப்பது வருஷம் மீன் ஆலையில் வேலை பார்த்த கை. உரித்து உரித்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தின்னாமல் சொன்னான். "தினமும் ரேடியோல வானிலை சொல்லுவாங்க இல்ல, அப்ப அப்பா எங்களைப் பேச விடமாட்டாரு. வார்தோப் பக்கம் காத்து எப்படின்னு கேட்டுட்டுத்தான் தட்டுல கை வைப்பாரு. ஏன்னு எங்களுக்குத் தெரியாது."

ராக்னாவின் கை நின்றது.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்," என்றாள்.

"போட்டிருக்கணும்," என்றான் தூரே. "உங்க அப்பாவை நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு."

"போடா. நீ பொறந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? சாப்பிடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். படகு வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த படகுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அப்பாவின் கல்லறையை அவன் பட்டியலில் சேர்க்கவில்லை. அவள் மனம் நோகுமோ என்று பயம். திரும்பும் வழியில் அவளே கேட்டாள். மறுநாள் காலை கூட்டிப்போனான். தூறலில் சற்றுநேரம் நின்றாள், கல்மேல் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள், போகலாம் என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் அவன் கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அடுத்த கோடைக்கு நீ எங்க ஊருக்கு வாடா. பாக்க ஒண்ணும் கிடையாது. நல்ல நண்டு கிடைக்கும்."

"வரேன்க்கா," என்றான்.