விஸ்டாவில் ஏறாத டர்போ சி

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. விருதுநகரில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில், "விஸ்டாவுல டர்போ சி ஏறுமா?" என்று ஒரு பெண் கேட்டார். ஏறாது என்றார்கள். அவர் முகம் வாடியதை மட்டும்தான் பார்த்தேன். மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குல்சார் பேகம் மடிக்கணினியைத் திறந்தபோது சிவகாசி வானத்தில்...'

(வேண்டாம். சிவகாசி என்றாலே வானத்தில் எதையாவது வெடிக்கவைக்கிற பழக்கம் எனக்கு.)

3

2009. குல்சார், திருமணத்துக்கு முன் ஒரு கணினி மையத்தில் சி மொழி கற்பித்தவள். எட்டு வருடமாக ஒரு வரி எழுதவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணிக்கு நாளை நேர்முகத்தேர்வு. அங்கே சி நிரல் எழுத இன்னும் டர்போ சி என்ற பழைய மென்பொருள்தான். வீட்டிலிருப்பதோ புது விண்டோஸான விஸ்டா போட்ட மடிக்கணினி. வெள்ளிக்கிழமைதோறும் அவள் முகம் பார்க்கவென்று சவூதியிலிருந்து கணவன் நிஜாம் அனுப்பியது. வேலைக்கு மனுப்போட்டதை அவனிடம் சொல்லவில்லை.

(பயத்தால் என்று எழுதி அடித்தேன். 'எதுக்கு நீ கஷ்டப்படணும்?' என்று அவன் அன்பாகக் கேட்பான். அந்தக் கேள்வியைத்தான் தவிர்த்தாள்.)

4

பழைய சீடியைப் போட்டாள். இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்றது திரை. மூன்று முறையும் அதே. மையத்தில் கூட வேலை பார்த்த மாரிக்கண்ணனைப் போனில் பிடித்தாள்.

"பழைய புரோகிராமெல்லாம் ஓட்டுறதுக்கு டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, டீச்சர். அதைப் போட்டு, அதுக்குள்ள டர்போ சியைத் திறங்க."

"இப்ப என்ன சொன்னீக?"

"டாஸ்பாக்ஸ்."

"அதுக்குப் பிறகு."

அவருக்கு விளங்கவில்லை. எட்டு வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

5

அவர் சொன்னபடி செய்ததும் டர்போ சியின் நீலத்திரை வந்தது. ஒன்று முதல் பத்துவரை கூட்டும் நிரல் எழுதினாள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போய்ப் பிழை காட்டியது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திருத்தும்போது ஸ்கைப் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை. நீலத்துக்குப் பின்னால் எங்கோ நிஜாம்.

அவள் எடுக்கவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். வாரமெல்லாம் காத்திருந்தவனுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. எடுத்தாள், அவன் மகிழ்ந்தான் என்று எழுதினேன். அந்த மகிழ்ச்சியை நானே நம்பவில்லை.

ஆகவே: நிரலை ஓடவிட்டாள். ஐம்பத்தைந்து என்று வந்தது. பிறகு எடுத்தாள்.

"இம்புட்டு நேரம் என்ன பண்ணுன?"

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நாளைக்கு ஒரு இன்டர்வியூக்குப் போறேன்."

முழுவதும் சொன்னாள். நிஜாமின் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதா, அவன்தான் அப்படி இருக்கிறானா, தெரியவில்லை.

நாளை அவள் போவாள்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அசையாத அந்த முகத்தின் முன் அவளோடு உட்கார்ந்திருக்க எனக்குத் திராணியில்லை. எனக்குப் பதிலாக நீங்கள் கொஞ்சம் இருங்கள்.