சத்து மாத்திரை

டாக்டர் லாசரஸ் மேல் தையல்நாயகிக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லிவிட்டு, பச்சைக் குழந்தைக்குத் தோளில் போடுகிற டிபி தடுப்பூசி மருந்தை எடுத்து வைத்தால் யாருக்குத்தான் வராது? அதையும் தோளில் போடவில்லை. குழாய் விட்டு, அவள் புருஷன் துளசிங்கத்தின் மூத்திரப்பைக்குள் ஊற்றினார்கள்.

துளசிங்கம் சென்னையை ஒட்டிய கீழ்க்கட்டளைக்காரர். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையானபிறகு சிமெண்டு, பைப்பு விற்கும் கடை போட்டு ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். தொண்ணூற்று நான்காம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் போனது. தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மறுபடி முளைத்தால் பையையே அறுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்ட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதற்கு நான் செத்தே போகிறேன் என்றார் துளசிங்கம். விளையாட்டுக்குப் பேசுகிற மனிதர் அல்ல அவர். முளைக்காமல் இருக்கத்தான் இந்த மருந்து, வாரம் ஒரு தடவை, ஆறு வாரம்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இது வலுவிழக்கச் செய்த கிருமி. உள்ளே போனதும் உடம்புக்கு அதன்மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில், இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட புற்றையும் சேர்த்து அடிக்கும். கிருமி உயிரோடு இருந்தால்தான் வேலை நடக்கும், அதனால் என்னைக் கேட்காமல் வேறு எந்த மாத்திரையும் கொடுக்கக்கூடாது என்றார். துளசிங்கம் தலையாட்டிவிட்டு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தையல்நாயகியின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். உயிருள்ள கிருமி.

அந்தக் கிருமியை அவளுக்கு நேரில் தெரியும். பத்து வருஷத்துக்கு முன் தாம்பரத்து டிபி வார்டில் மூன்று மாதம் கிடந்தவள் அவள். பக்கத்துக் கட்டில் காலியாவதையும், விடிவதற்குள் அதில் இன்னொருத்தி வந்து படுப்பதையும் பார்த்தவள். சாகாமல் வீடு திரும்பியதே அந்தக் கிருமியைக் கொல்லும் சிவப்பு மாத்திரையால்தான். அப்படிப்பட்டவளிடம் வந்து, உன் புருஷனுக்கு டிபி கிருமியை நாங்களே ஊற்றுகிறோம், நல்லது என்றால் எப்படி நம்புவாள்?

போதாததற்கு நர்ஸ் பியூலா ஒரு வேலை சொல்லி அனுப்பினாள். வீட்டுக்குப் போனபிறகு ஆறு மணி நேரத்துக்கு, அவர் சிறுநீர் போகும்போதெல்லாம் கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும், கால் மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். தையல்நாயகி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே யோசித்தாள். வெளியே வந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொல்ல வேண்டிய சமாச்சாரம், உள்ளே இருந்தால் மட்டும் மருந்தா?

இரண்டாவது வாரம் துளசிங்கத்துக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று பல்லைக் கடித்தார். மூன்றாவது வாரம் இன்னும் அதிகம். பியூலாவிடம் கேட்டால், காய்ச்சல் லேசாக வந்தால் நல்ல அறிகுறிதான் என்று சிரிக்கிறாள். காய்ச்சல் வருவது நல்லதாம்! படிக்காத ஜனங்கள் மேல் போட்டுப் பார்க்கிறார்கள் என்று தையல்நாயகி முடிவே கட்டிவிட்டாள். அந்த இங்கிலீஷ் காகிதம் எதற்கு? வேறு மாத்திரை கொடுக்காதே என்றது எதற்கு? செய்த வேலை வெளியே தெரிந்துவிடும் என்றுதானே?

டிரங்குப் பெட்டியின் அடியில் அவளுடைய பழைய மருந்துச் சீட்டு பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் ரோட்டில் ஜெயவேலுவின் மருந்துக்கடைக்குப் போனாள். ஜெயவேலு சீட்டில் தேதியைப் பார்க்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. சிவப்பு மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சத்து மாத்திரைங்க. டாக்டர் குடுத்தாரு. ஒண்ணுக்கு செவப்பா போவும், பயந்துடாதீங்க, அதான் கலரு."

துளசிங்கம் வாங்கி விழுங்கினார். முதல் தடவை கலரைப் பார்த்தபோது, மறுபடி ரத்தமோ என்று முகம் வெளுத்து வெளியே வந்தார். தையல்நாயகி திரும்பவும் சமாதானம் சொன்னாள். எனக்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான் போனது என்று சொல்ல வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டாள்.

நான்காவது வாரம் காய்ச்சல் வரவில்லை. ஐந்தாவது வாரம் எரிச்சலும் இல்லை. மனிதர் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஆறு வருஷம் படித்த டாக்டரைத் தான் ஜெயித்துவிட்டதாக தையல்நாயகிக்கு உள்ளுக்குள் ஒரே கர்வம்.

ஆஸ்பத்திரி நாளில் மட்டும் மாத்திரையை வீடு திரும்பியபிறகு கொடுத்துவந்தவள், ஆறாவது வாரம் அந்தக் கர்வத்தில் காலையிலேயே கொடுத்துவிட்டாள். குழாய் விட்டதும் கண்ணாடிக் குடுவையில் செம்மஞ்சளாக இறங்கியது. பியூலா ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தம் இல்லை என்று வந்தது. பிறகு துளசிங்கத்தின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செவப்பா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஆமா சார். நீங்க குடுத்த சத்து மாத்திரதான்."

"நான் எதுவும் குடுக்கலையே."

இரண்டு பேரும் திரும்பி தையல்நாயகியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறைக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள், டிபி வார்டு, பிளீச்சிங் பவுடர், பழைய சீட்டு எல்லாம். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ள போன கிருமியை அந்த மாத்திரை கொன்னுடுச்சும்மா. காய்ச்சல் நின்னது அதனாலதான். உங்க வீட்டுக்காரர் உடம்பு அப்பதான் சண்டைக்கு எழுந்திரிச்சுது, நீங்க உட்கார வெச்சுட்டீங்க."

மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும், சில வாரம் கழித்து முதலிலிருந்து ஆறு தடவையும் போட வேண்டும் என்றார். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்று துளசிங்கம் கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் துளசிங்கம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். தெரியும் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மாத்திரையை நீட்டிய அத்தனை நாளும் அவர் தன்னை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டிபி வார்டிலிருந்து அவள் திரும்பி வந்த நாட்களில் வீட்டில் எல்லாரும் அவளுக்குத் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்தார்கள். துளசிங்கம் ஒருத்தர்தான், அத்தனை பேர் எதிரில், அவள் பாதி குடித்து வைத்த தம்ளரை எடுத்து மீதியைக் குடித்தவர்.

அவர் காபியை வாங்கினார். ஆற்றினார். தம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் அதை அவளிடமே நீட்டினார்.

"நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு."

தையல்நாயகி வாங்கிக் குடித்தாள்.