குறை சொல்லிப் பார்த்த ரிவோல்வர்

நீக்கிலாப்பிள்ளைக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனுசன், பாண் தொழிற்சாலையில் மாக் குழைக்கும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், சவரம் செய்த முகத்தையே திரும்பவும் சவரம் செய்தார். ஆற்றுக்கு அக்கரையில், லவால் என்ற நகரில் ஒருவரிடம் பழைய ரிவோல்வர் ஒன்று விலைக்கு இருந்தது. புதியதைக் கனவில் பார்க்கத்தான் அவருடைய சம்பளம் இடங்கொடுக்கும். பழையதுக்கே முந்நூறு டொலர். மனைவி எலிசா அந்த முந்நூறையும் எடுத்துக் கொடுத்து, கூடவே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள். இன்றைக்கு வாங்கினால் வாங்கியதுதான். வெறுங்கையோடு திரும்பினால் காசு சோபாவுக்குப் போய்விடும், பிறகு துவக்கென்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது.

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வீட்டுச் சோபாவில் ஒருமுறை குந்தியவர் எழும்புவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியாரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்ட வெட்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மன்னாரை விட்டு ஓடிவந்தவருக்கு இந்த வயதில் துவக்கு எதற்கு என்று கோயிலில் கேட்காத ஆள் இல்லை. எல்லாம் பற்றிக் என்ற வேலைத்தலத்துச் சிநேகிதன் தன்னுடைய சுடும் கழகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனதால் வந்த வினை. ஊரில் துவக்கைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற மனுசன், இங்கே கடதாசி வட்டத்தின் நடுவில் ஓட்டை போட்டுவிட்டு சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். வெடிச்சத்தம் கேட்டும் ஒருத்தரும் ஓடவில்லை, ஒருத்தரும் விழவில்லை, பக்கத்தில் நின்றவன் கைதட்டினான். அந்தப் புளுகம், அந்தச் சந்தோசம், அவரை விடவே இல்லை. வகுப்புக்குப் போனார், பரீட்சை எடுத்தார், பொலிஸ் விசாரித்தது, லைசன்சும் வந்தது. ஆனால் சுட்டதெல்லாம் பற்றிக்கின் ரிவோல்வரால். நாலு தரம் சுட்டதும் பற்றிக் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டிவிடுவான். இரவல் சாமானில் என்ன சந்தோசம், சொல்லுங்கள்!

எலிசா கூடப் போனது பிரெஞ்சுக்காக. அவள் கார்டறி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீக்கிலாப்பிள்ளைக்கோ பொன்ஜூரும் மெர்சியும்தான். மெட்ரோவில் போகும்போதே அவளுக்குப் பாடம் எடுத்தார். சாமான் பிடித்திருந்தால் முகத்தில் காட்டக்கூடாது. மீனோ காரோ, குறை சொன்னால்தான் விலை இறங்கும். ஐம்பது டொலராவது குறைத்தால்தான் தோட்டா வாங்கலாம். தான் சொல்வதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்ல வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள்.

விற்கிறவர் பெயர் மெசியு ஓர்மிதாஸ். கட்டிடங்களில் லிஃப்ட் பரிசோதிக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நிலவறைக்குக் கூட்டிப்போய், இரும்புப் பெட்டியைத் திறந்து, பச்சைத் துணி விரித்த மேசையில் ரிவோல்வரை வைத்தார்.

நீக்கிலாப்பிள்ளை அங்கேயே கவிழ்ந்துவிட்டார். நீலம் ஓடிய உருக்கு, தேய்ந்து மெருகேறிய மரப்பிடி. வகுப்பில் படித்தபடி குண்டு இல்லையென்று முதலில் பார்த்தார். உருளையைச் சுற்றினார், ஒவ்வொரு அறையும் தன்னிடத்தில் வந்து கச்சிதமாக நின்றது. குழலுக்குள் டோர்ச் அடித்தார், கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளை தோற்றது. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

உருளை ஆடுகிறது என்றார். குழல் தேய்ந்துபோயிற்று என்றார். ஸ்பிரிங் களைத்துவிட்டது, ஒருநாளைக்குத் தன்பாட்டில் வெடித்தாலும் வெடிக்கும் என்று ஒரு போடு போட்டார். எலிசா ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல், கார்டறிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற தெளிவோடு பிரெஞ்சில் சொன்னாள்.

முறைப்படி இனி விற்கிறவர் கொதிக்க வேண்டும். தாய் மீது சத்தியம் பண்ண வேண்டும். இவர் வாசல்வரை போக வேண்டும், அவர் இருபது டொலர் குறைத்துக் கூப்பிட வேண்டும். ஓர்மிதாஸ் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய முகம் வெளுத்துப்போயிற்று. தன் உத்தியோக காலம் முழுக்க, லிஃப்ட் ஆடுகிறதென்று ஒரு ஆள் சொன்னாலே உடனே பூட்டி முத்திரை வைத்தவராம், சொன்னவன் யாரென்று பார்த்ததில்லையாம். நீக்கிலாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். ரிவோல்வரைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இதை விக்க மாட்டாராம். பொலிசிட்டக் குடுத்து உருக்கப் போறாராம்" என்றாள் எலிசா. "சோபாவை மெறூன் நிறத்தில எடுப்பமே?"

நீக்கிலாப்பிள்ளை பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஐயையோ, நல்ல சாமான், அருமையான சாமான், இப்படியொன்றைக் கண்ணால் கண்டதேயில்லை என்று வாய் குழறப் புகழத் தொடங்கினார். எலிசா அதையும் சொன்னாள். ஓர்மிதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே சாமான் ஆபத்தானதும் அருமையானதுமாக இருக்க முடியாது, மதாம், இதில் எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள், உங்கள் சொல்லை நம்புகிறேன் என்றார்.

பந்து எலிசாவின் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு சொல் போதும், சோபா அவளுடையது. அவள் புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். பிடித்த சாமானை ஏன் இப்படி இழுத்து விழுத்தினீர்கள் என்று கேட்டாள்.

"விருப்பமில்லாத சாமானில ஆரும் மினைக்கெட்டுக் குறை சொல்லுவினமே?" என்றார் அவர், அழாக்குறையாக. "பிடிக்காட்டிப் பேசாமப் போயிடுவம். பிடிச்சாத்தானே இவ்வளவும் சொல்லுறது."

எலிசாவின் முகம் மாறியது.

"அப்ப, என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு?"

பேசாலையில் அவளுடைய வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இவருடைய பெரியப்பா சொன்னதெல்லாம் அவளுக்கு அப்படியே பாடம். பெட்டை கறுப்பு, உயரம் காணாது, குரல் ஆம்பிளைக் குரல். சீதனத்தை ஏற்றத்தான் சொன்னார்கள் என்று தாய் சமாதானம் செய்தாள். ஆனாலும் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தாரோ என்ற முள் அவளுக்குள் இருபத்துநாலு வருசமாக இருந்தது. அவரிடம் கேட்டதேயில்லை.

"பெரியப்பா ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல, உம்மட அப்பா எழும்பிப் போங்கோ எண்டு சொல்லிப்போடுவாரோ எண்டு எனக்கு நெஞ்சு பதறினது" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "சீதனமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், பெட்டையைத் தாங்கோ எண்டு கத்தப் பாத்தனான்."

"பிறகேன் கத்தேல்லை?"

"பெரியப்பா என்ர காலை மிதிச்சுக்கொண்டெல்லோ இருந்தவர்."

எலிசா சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஓர்மிதாஸ் ஒன்றும் விளங்காமல் அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மூச்சு வந்ததும் அவள் பிரெஞ்சில் உடைத்துச் சொன்னாள்: முதலில் சொன்னது அத்தனையும் பொய், என் புருசனுக்கு இது உயிர், எங்கள் ஆட்கள் ஆசைப்பட்டதைத்தான் இப்படித் திட்டுவார்கள், எனக்கும் இது இப்போதுதான் தெரியும்.

ஓர்மிதாஸ் லேசில் விடவில்லை. ரிவோல்வரை வெளியே எடுத்து, சொன்ன குறை ஒவ்வொன்றையும் பொய்யென்று காட்டச் சொன்னார். நீக்கிலாப்பிள்ளை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் போல ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தார். உருளை ஆடவில்லை. குழல் தேயவில்லை. ஸ்பிரிங் என்னைவிட இளமை. கடைசியில் கிழவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிவு இவர் பெயருக்கு மாறி, கொண்டுபோகிற அனுமதி கிடைத்ததும் வந்து எடுக்கலாம் என்றார். நீக்கிலாப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கேட்ட விலையை ஒரு சதம் குறைக்காமல் கொடுத்தார். தோட்டாவுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எலிசாவே சொன்னாள்.

திரும்பி வருகிறபோது மெட்ரோவில் அவள் அவரோடு ஒட்டி இருந்தாள். திடீரென்று முழங்கையால் இடித்தாள்.

"இஞ்சருங்கோ, என்னில ஏதும் குறை சொல்லுங்கோ பாப்பம்."

நீக்கிலாப்பிள்ளை அக்கம்பக்கம் பார்த்தார். எதிரே இருந்த பெண்மணிக்குத் தமிழ் விளங்காது என்று உறுதி செய்துகொண்டார்.

"மாரிக்குளிரில உம்மட கால் ரெண்டும் ஐஸ்."

"வேற?"

"ரெலிபோனை எடுத்தா வைக்கத் தெரியாது."

"வேற?"

ஆற்றுக்குக் கீழால் ரயில் போய்க்கொண்டிருந்தது. அவர் விரல் மடித்து எண்ணி எண்ணிச் சொன்னார், நிறுத்தினால் அவள் மறுபடியும் இடித்தாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.