அரைக்கட்டை ஏறிய ஆர்கன்

திங்கட்கிழமை ராக்கையா அண்ணன் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள் அம்மா. போடிமெட்டுக்கு மேலே அவள் வேலை செய்யும் ஏலத்தோட்டத்திலேயே காய் எடுக்கும் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டாள்.

“சும்மா உக்காரலம்மா. வாசிக்கிறேன்.”

“யாருக்கு? காதுல அந்தக் கிண்ணியக் கவுத்துக்கிட்டு, நீயா வாசிச்சு நீயா கேட்டுக்கிட்டா அது ஒரு சோலியா?”

என் அண்ணன் முத்துப்பாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக்செட் கடை வைத்திருக்கிறான். மாடியில் சின்ன ரெக்கார்டிங் அறை. அங்கிருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆர்கன் இருக்கிறது. கடல் தாண்டி ஏதோ குளிர்நாட்டில், ஒரு கற்கோயிலில் முந்நூறு வருடமாக நிற்கும் குழாய் ஆர்கன். அதன் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஊதவிட்டுப் பதிவுசெய்து யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். போடியில் நான் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஊர்க் குழாய் ஒன்று பேசும். குழாய் மட்டுமல்ல. மரநெம்புகோல் தட்டுகிற சத்தம், துருத்தி மூச்சுவிடுகிற சத்தம், அந்தக் கற்சுவர்களில் மோதித் திரும்புகிற எதிரொலி எல்லாம் கூடவே வரும்.

அண்ணன் சினிமாப் பாட்டுக்கு ஆகுமா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, “எழவு வீடு மாதிரி இருக்கு, புள்ள” என்று விட்டுவிட்டான். நான் விடவில்லை. இரண்டு கீபோர்டுகளை மேலும் கீழுமாக வைத்தேன். காலால் வாசிக்க வேண்டிய நீளக் கட்டைகளை, செத்துப்போன பழைய கீபோர்டின் உள்பாகத்தைப் பிரித்து, மரச்சட்டங்களில் பொருத்தி அண்ணனே செய்துகொடுத்தான். அந்த ஆர்கனைச் செய்த காலத்திலேயே எழுதப்பட்ட இசையைத் தேடி எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வரியாக, பிறகு இன்னொரு வரியாகப் பழகினேன்.

டவுன் சர்ச்சுக்கு மைக் கட்டப் போனபோது அண்ணன் ஃபாதரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். “ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஒண்ணு வாசிக்கட்டும். நல்லாயிருந்தா அந்த செட்டு இங்கேயே இருக்கட்டும், வாராவாரம் வாசிக்கட்டும்” என்றாராம்.

அம்மா சிரித்தாள். “நாலு பேர் முன்னால முழுசா ஒரு தடவ வாசிச்சுரு. ஜீப்புல உன் பேர நானே எடுத்துடறேன்.”

கடைக்குப் போய் வாய் திறந்து சாமான் கேட்காமல், விரல் நீட்டிக் காட்டி வாங்குகிறவள் நான். அந்தத் தைரியத்தில்தான் சொன்னாள்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சர்ச்சில் வைத்தோம். ஞாயிறு காலை ஆட்கள் வருமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். தகரக்கூரைக்குக் கீழே கற்கோயில் ஒன்று திறந்துகொண்டது போல் இருந்தது. சர்ச்சில் வழக்கமாகக் கீபோர்டு வாசிக்கும் பிரபு அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்தது. அம்மா கடைசி வரிசையில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன்.

காலின் ஆகக்கீழ்ச் சுரத்தில் தொடங்குகிற இசை அது. மிதித்தேன். சத்தம் இல்லை. மறுபடி மிதித்தேன். இல்லை. கை தொடங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. விரல்களை வைத்தேன். தேனாக ஒலிக்க வேண்டிய மூன்று சுரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஊளையிட்டன.

“கரண்டு கம்மியா இருக்கு போல” என்றார் யாரோ. சிரித்தார்கள்.

எழுந்து பின்கதவு வழியாக ஓடிவிடலாம். அல்லது ஊளையோடேயே கடைசிவரை வாசித்துவிடலாம். முழுசாக வாசித்ததாகவே ஆகும்; அம்மாவும் பேச முடியாது. ஆனால் கேட்டவர்களுக்கு அந்த ஆர்கன் என்றைக்கும் ஊளையாகவே நின்றுவிடும்.

கீழே சத்தமில்லை, மேலே ஊளை. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்த ஆர்கன் நம் கீபோர்டைவிட அரைக்கட்டை குறைந்த சுருதி. அதன் சுரங்கள் எல்லாம் சமமாகப் பங்கிடப்பட்டவையும் அல்ல. சில சுரங்கள் சேர்ந்தால் அவ்வளவு சுத்தம்; அதற்கு விலையாகச் சில சுரங்கள் சேர்ந்தால் ஊளை. அந்த இடத்துக்கு அந்நாட்டுக்காரர்கள் ஓநாய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எழுதியவர்கள் ஓநாய் இருக்கும் பக்கம் போகாமல் எழுதினார்கள். ஆகக்கீழிருந்து இரண்டாவது சுரத்துக்குக் குழாயே செய்யவில்லை. யாரோ கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அரைக்கட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள்; நான் தொடும் கட்டைக்கு அடுத்த கட்டையின் குழாய் ஊதுகிறது.

கைகளை எடுத்தேன். ஊளை கற்சுவர்களில் அலைந்து அடங்கும்வரை பொறுத்தேன். பிறகு திரும்பி, கூட்டத்தைப் பார்த்து நின்றேன்.

“சுருதி மாறிக் கெடக்கு. சரிபண்ணிட்டு முதல்ல இருந்து வாசிக்கிறேன்.”

என் குரல்தான். மைக்கே இல்லாமல் கடைசி வரிசைவரை போனது.

பிரபு அண்ணன் ஓடிவந்தார். “தங்கச்சி, நாந்தான் ஏத்தி வச்சேன். அடுத்து கொயர் என் கீபோர்டுல பாடணும்ல, சுருதி இடிக்குமேன்னு பாத்தேன். பாடுறவங்க தொண்டைக்குத் தக்கன பட்டன அமுக்கி ஏத்துறது எறக்குறதுதானே, எப்பவும் செய்யுறதுதான்.”

“இத ஏத்தக் கூடாதுண்ணே. ஏத்துனா வேற குழாய் ஊதும். அங்க ஓநாய் இருக்கு.”

“கம்ப்யூட்டருக்குள்ளயா?”

“ஆமாண்ணே.”

“அப்ப கொயரு என்ன பண்ணும்?”

“உங்க கீபோர்ட அரை எறக்கிக்கங்க.”

முன்வரிசையில் ஃபாதர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரையில் சுருதியை ஏற்றி இறக்கும் எண்ணைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு உட்கார்ந்தேன்.

மிதித்தேன். தரை அதிர்ந்தது. காலின் நீண்ட சுரத்துக்கு மேல் வலது கை ஒரு வரியைச் சொன்னது. இடது கை அதே வரியைக் கீழே இருந்து சொன்னது. பிறகு இரண்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே கால் அதை எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு கட்டையைத் தவறவிட்டேன். வியர்வையில் விரல் வழுக்கியது. நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நின்றாகிவிட்டது. இனி போக வேண்டியதுதான்.

கடைசிச் சுரங்களிலிருந்து கைகளை எடுத்ததும் கைதட்டத் தொடங்கினார்கள். நான் ஒரு கையை உயர்த்தினேன். தட்டியவர்கள் நிறுத்தினார்கள். எங்கோ இருக்கும் கற்கோயிலின் எதிரொலி, போடியின் தகரக்கூரைக்குக் கீழே மெல்லத் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

“செட்ட இறக்க வேணாம். இங்கேயே இருக்கட்டும்” என்றார் ஃபாதர் அண்ணனிடம்.

அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். மார்க்கெட் முக்கு வந்ததும் சொன்னாள்:

“நடுவுல நிப்பாட்டுனியே.”

“முதல்ல இருந்து முழுசா வாசிச்சேன்ல.”

“நிப்பாட்டாம வாசிக்கணும்னுதானே பேச்சு?”

“முழுசா ஒரு தடவன்னுதாம்மா சொன்ன.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். கொஞ்சதூரம் போனதும், “உன் காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். குனிஞ்சு பாக்காமலே சரியா வைக்கிற. மேட்டுச் சரிவுல காய் எடுக்கறப்ப நானும் அப்படித்தான் வைப்பேன். கண்ணு காயில இருக்கும், காலு தானா எடந்தேடும்” என்றாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. அம்மா தூக்குச்சட்டியோடு போய் ஏறினாள்.

“உன் மக எங்க, பொன்னுமணி? வெரசா வரச்சொல்லு.”

“நீ வண்டிய எடு, ராக்கையா. அவளுக்குச் சோலி கெடக்கு.”