நுரையின் நிறம்

தங்கை வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் முன் பிளம்பர் இடுப்பில் கைவைத்து நின்றார். இரண்டடி நீளத் தொட்டி. நாலு பாறைத் துண்டுகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. உப்புத் தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய் போல ஆடை படர்ந்திருந்தது. சுத்திகரிக்கும் கருவி நின்று மூன்று நாள் ஆகிறது. புதிது வரப் பத்து நாள் ஆகும் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். தொட்டிக்குச் சொந்தக்காரரான தங்கையின் கணவர் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

"உனக்குத்தான் குழாய் வேலை தெரியும்ல அண்ணே. இதுங்க போயிடுச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிப்பேன்?"

பிளம்பருக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "நமக்குக் குளிக்கவே தண்ணி வரல, மாப்பிள்ளை வீட்டுக்குள்ள கடலே வச்சிருக்காரு!" என்று அவர் சொல்லப்போய் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து பிளம்பர் முன்னால் மாப்பிள்ளை மீன் பேச்சையே எடுப்பதில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் விஷயத்தை எளிதாகச் சொல்லிக்கொடுத்தார். நிற்கவைத்த குழாய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி விட்டால் தண்ணீரிலுள்ள கழிவு அதில் ஒட்டி நுரையாக மேலே ஏறும். அதைக் கிண்ணத்தில் பிடித்துக் கொட்டிவிட வேண்டியதுதான். பிளம்பர் மிச்சம் கிடந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை அளந்து அறுத்தார். அடியில் துளைகள் போட்டார், மேலே ஜூஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் பொருத்தினார், அதைச் சுற்றி ஒரு கிண்ணம். பசை காய முழுசாக ஒரு நாள் விட்டார்; வேலையில் அவசரப்படுகிற ஆள் இல்லை. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுப் பளபளவென்று கழுவி, தொட்டிக்குள் இறக்கி, காற்று மோட்டாரைப் போட்டார்.

நுரை பொங்கியது. வெள்ளை வெளேரென்று கிண்ணம் வழிந்து மேசையெல்லாம் ஓடியது. "எவ்வளவு அழுக்கு வச்சிருக்கு பாரு!" என்றார் பெருமையாக.

மறுநாள் காலை தங்கை போன் செய்தாள். பெரிய மீன் மணலில் சாய்ந்து கிடந்தது.

கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "அழுக்கு நுரை டீத்தண்ணி கலர்ல வரும் சார். வெள்ளையா பொங்கினா அது சோப்பு."

தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றினார்கள். குழாயை வெறும் தண்ணீரிலேயே பத்துத் தடவை அலசி, மறுபடி தொட்டிக்குள் இறக்கினார் பிளம்பர். தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "தானா செத்துடுச்சுன்னு சொல்லிடுவோம். அவருக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள். பிளம்பர் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"மாப்பிள்ளை, பெரிய மீனை நான்தான் கொன்னுட்டேன்." சோப்புக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

"அஞ்சு வருஷம் வளர்த்தது, மச்சான்."

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

மன்னிப்புக் கேட்கத்தான் பிளம்பர் வாயெடுத்தார். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

மாப்பிள்ளையே கேட்டார். "இப்ப நுரை என்ன கலர்ல வருது?"

"இன்னும் வரல."

"வந்தா சொல்லுங்க."

அன்று முதல் வேலை முடிந்ததும் பிளம்பர் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் குழாயின் கழுத்து வரை ஏறிய நுரை அப்படியே உடைந்து இறங்கியது. மூன்றாம் நாள் கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பாக ஏதோ தேங்கியிருந்தது. குனிந்து மோந்து பார்த்தார். குடலைப் பிடுங்கும் நாற்றம். அவசரமாகப் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு. நல்ல டீத்தண்ணி கலரு. நாத்தம் தாங்கல."

"போனைக் குழாய்கிட்ட வைங்க," என்றார் மாப்பிள்ளை.

பிளம்பர் முழங்கால் போட்டு, கையை நீட்டிப் போனைக் குழாய் இருந்த பக்கம் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். உள்ளே குமிழிகள் களகளவென்று ஏறிக்கொண்டிருந்தன. பாறைக்குப் பின்னாலிருந்து சின்ன மீன் மெல்ல வெளியே வந்து, போனின் வெளிச்சத்துக்கு நேரே கண்ணாடியருகில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடியது. கை வலித்தது. அவர் எடுக்கவில்லை.